நோன்பு வைத்த கள்ளி

செங்கம் ரோடு, திருவண்ணாமலை
5-3-2026

அன்புள்ள நூரைன் கண்ணுக்கு மாமு மஸ்தான் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும்.

இது இப்படித்தான் ஆகும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். செப்டம்பரில் நீ ஜோத்பூருக்குப் பெட்டியைப் பூட்டிக்கொண்டு நின்றபோது, வாசலில் வைத்துச் சொன்னேன். நீயும் கவனிக்கவில்லை, என் அக்கா, உன் அம்மியும் கவனிக்கவில்லை. என் பேச்சைக் கவனித்திருந்தால் இந்தக் குடும்பம் இன்றைக்கு எங்கேயோ இருந்திருக்கும். போகட்டும்.

விஷயம் உன் கள்ளிச் செடியைப் பற்றியது. பதறாதே, முதலில் நல்ல செய்தியைச் சொல்கிறேன். ஜனவரியில் நம் கடையில் வாடகை ஸ்கூட்டி எடுக்க வந்த பிரெஞ்சுக்காரர் ஒருத்தர், ஹால் ஜன்னலில் செடியைப் பார்த்துவிட்டு வண்டியையே மறந்துவிட்டார். அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். எழுந்து என் கையைப் பிடித்து, பிரான்ஸ் தேசம் முழுக்கத் தேடினாலும் இப்படி ஒரு கள்ளியும் கிடைக்காது, வளர்க்கிற ஆளும் கிடைக்காது என்றார். எனக்கு பிரெஞ்சு தெரியாதுதான். முகத்தைப் பார்த்தால் தெரியாதா?

இப்போது மற்ற செய்தி. மண்ணை ஒட்டின இடத்தில் ஒரு பக்கம் பழுப்பாகிவிட்டது. விரலை வைத்தால் கனிந்த தக்காளி மாதிரி உள்ளே போகிறது.

பந்தயத்துக்கு நான்தான் சாட்சி. அதனால் உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன். நீ கிளம்பின அன்றைக்கு உன் அம்மி சொன்னது என் காதிலேயே இருக்கிறது. "இப்போ ஒரு வருஷ வேலைங்கற. அப்புறம் இந்த முள்ளு உருண்டையப் பத்திப் படிக்க அஞ்சு வருஷம் பாலைவனத்துல உக்காரப் போறேங்கற. சரி. இது உசுரோட இருந்தா நானே துவா செஞ்சு அனுப்பறேன். செத்துப்போச்சுன்னா படிப்ப மூட்டை கட்டிட்டு நிக்காவுக்கு ஒத்துக்க." நீயும் சரி என்றாய். செடி மாமு பொறுப்பு, அம்மி தொடக்கூடாது என்று வேறு சொன்னாய். அன்றையிலிருந்து நீங்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை.

பிப்ரவரி கடைசி வரைக்கும் தண்ணீர் காட்டாதீர்கள், அதற்கப்புறம் இருபது நாளுக்கு ஒரு தடவை கொஞ்சம் ஊற்றினால் போதும் என்றாய். அப்படியேதான் வைத்திருந்தேன். நோன்பு பிறந்தது. விடிவதற்கு முன்னால் சஹருக்கு எழுந்து சாப்பிட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்கச் சொம்பைத் தூக்கினேன். இது ஜன்னலில் நின்று என்னையே பார்த்தது. நோன்பு பிடிக்கிறவனுக்கே சஹரில் ஒரு தரம், நோன்பு திறக்கும்போது ஒரு தரம் தண்ணீர் உண்டு. இது மட்டும் என்ன பாவம் செய்தது? நாலைந்து மாசமாக நோன்பில் இருக்கிறது, திறந்துவைக்க ஆளில்லை. ஒரு டம்ளர் ஊற்றினேன். சாயந்திரம் பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழத்தை வாயில் போடுவதற்கு முன்னால் அதற்கு இன்னொரு டம்ளர். தினமும் இப்படியே.

ஊற்றினது நான். அதை நீ தெளிவாக மனசில் வைத்துக்கொள். காப்பாற்றப் போகிறதும் நான்தான். மஸ்தான் கை வைத்து ஸ்டார்ட் ஆகாத வண்டி இந்த ஊரில் கிடையாது. என்ன செய்ய வேண்டும் என்று உடனே எழுது.

போன் வேண்டாம், கடிதம் போடுங்கள் என்று நீ சொன்னது நல்லதாகப் போயிற்று. போனில் நீங்கள் பேசினால் நம்பிவிடுகிறேன், காகிதம் என்றால் பாதியைக் கழித்துவிட்டுப் படிக்கலாம் என்றாய். என் எழுத்துக்கு அப்படி ஒரு மரியாதை.

இப்படிக்கு,
மாமு மஸ்தான்


ஜோத்பூர்
11-3-2026

மாமு, வ அலைக்கும் ஸலாம்.

பிரெஞ்சுக்காரரைக் கழித்துவிட்டேன். வாடகை வண்டிகளையும் கழித்தேன். மிச்சம் இருப்பது ஒன்றுதான்: என் செடி அழுகிக்கொண்டிருக்கிறது.

மாமு, அதற்குப் பட்டினி கிடந்து பழக்கம், குடித்துப் பழக்கமில்லை. உடம்பு முழுக்கத் தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொண்டுதான் அது உட்கார்ந்திருக்கிறது. நீங்கள் ஊற்றியது எல்லாம் வேரில் தேங்கி நின்று வேரை அழுக வைத்திருக்கிறது. அழுகல் மேலே ஏறிக்கொண்டிருக்கும். இனி வேர் பிழைக்காது. தலையைக் காப்பாற்றலாம்.

கூர்மையான கத்தியை நெருப்பில் காட்டி ஆறவிடுங்கள். அழுகலுக்கு மேலே குறுக்கே அறுங்கள். வெட்டின இடத்தின் நடுவில் பழுப்பு வளையம் தெரிந்தால் இன்னும் மேலே அறுங்கள். உள்ளே வெள்ளரிக்காய் மாதிரி சுத்தமாகத் தெரிகிற வரைக்கும் நிறுத்தக் கூடாது. பாவம் என்று கொஞ்சம் விட்டால் மொத்தமும் போய்விடும். பிறகு வெட்டின பக்கத்தில் காற்றுப் படுகிற மாதிரி நிழலில் வையுங்கள், தோல் காய்ந்து கெட்டியாகட்டும். ஒரு சொட்டுத் தண்ணீர் படக்கூடாது.

ஐந்து வருஷ ஆராய்ச்சிக்கு ஒப்புதல் கேட்டுவிட்டார்கள். ஏப்ரல் கடைசிக்குள் கையெழுத்துப் போட வேண்டும். செடி செத்தாலும் போடுவேன், அதில் மாற்றமில்லை. பந்தயத்துக்காகப் படிப்பை விட நான் சின்னப் பிள்ளை இல்லை. ஆனால் அம்மி வாயால் ஒரு வார்த்தை வாங்காமல் போட எனக்குப் பிடிக்கவில்லை. விதையிலிருந்து ஆறு வருஷம் வளர்த்து பெரிய சாத்துக்குடி அளவுக்குக் கொண்டுவந்தேன். அந்த வார்த்தையை எனக்கு வாங்கித் தரக்கூடியது அது ஒன்றுதான்.

ஒன்று மட்டும் உண்மையாகச் சொல்லுங்கள். ஊற்றியது நீங்கள்தானே? எனக்குத் தெரிந்து நீங்கள் சஹருக்கு ஒரே கூப்பாட்டில் எழுந்ததில்லை.

நூரைன்


செங்கம் ரோடு
17-3-2026

நூரைன் கண்ணுக்கு,

ஆபரேஷன் முடிந்தது. நோயாளி உயிரோடு இருக்கிறார்.

அதற்கு முன்னால் ஒரு வார்த்தை. நான் சஹருக்கு எழ மாட்டேன் என்று எழுதிவிட்டாய். மனசு புண்பட்டது. இந்த வருஷம் தெருவையே எழுப்பினது நான்தான். பாங்கு சொல்கிற பள்ளிவாசல் மோதினாரே என் குரலைக் கேட்டுத்தான் கண்ணைத் திறக்கிறாராம், அவர் வெட்கப்பட்டு இதை வெளியே சொல்வதில்லை. நீயும் கேட்டு அவரைப் பேஜார் பண்ணாதே.

உன் கடிதம் வந்த அன்றைக்கே சமையலறையில் உட்கார்ந்தேன். கறி நறுக்குகிற கத்தியை கேஸ் அடுப்பில் சிவக்கக் காட்டி ஆறவைத்தேன். பழைய புடவைத் துணியை நாலாக மடித்துச் செடியைப் பிடித்தேன். முள் துணிக்குள்ளே புகுந்து உள்ளங்கையில் இறங்கியது, விடவில்லை. முதல் துண்டு அறுத்தபோது நாற்றம் அடுப்படி முழுக்கப் பரவியது. நடுவில் நீ சொன்ன பழுப்பு வளையம். இரண்டாவது அறுத்தேன், அங்கேயும் வளையம். இதற்குமேல் அறுத்தால் என்ன மிஞ்சும் என்று கத்தியை வைத்துவிட்டேன். எழுந்து போய்த் தொழுகைக்குக் கழுவுகிற மாதிரி கைகால் முகம் கழுவி ஒதுச் செய்துவிட்டு வந்தேன். யா அல்லாஹ், எனக்கு இதில் ஜெயிக்க வேண்டாம், இது பிழைத்தால் போதும் என்று சொல்லிக்கொண்டே மூன்றாவது அறுத்தேன். உள்ளே சுத்தமாக இருந்தது. வெள்ளரிக்காய்தான், நீ சொன்ன மாதிரியே.

பாதிச் செடி மிச்சம். ஊறுகாய் ஜாடியைக் கழுவிக் காயவைத்து, அதன் வாயில் வைத்திருக்கிறேன், வெட்டின பக்கத்தில் காற்றுப் படுகிற மாதிரி. ஜாடி சமையலறை அலமாரியில் இருக்கிறது. அங்கே நிழல், நெருப்பு, கண்காணிப்பு மூன்றும் உண்டு.

உள்ளங்கையிலிருந்து முள் எடுத்தது தனிக் கதை. மாடியில் குடியிருக்கிற வினோதினி டீச்சர் ஊசியும் மஞ்சளும் கொண்டுவந்து உதவினாள். கை வீங்கி, மறுநாள் மாவு பிசைய முடியவில்லை. ஆனால் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. வந்தது என்று யாராவது சொன்னால் அது வெங்காயத்தினால்.

மாமு


ஜோத்பூர்
24-3-2026

மாமுவுக்கு,

ஈத் முபாரக். இங்கே நாங்கள் நாலு பேர் சேர்ந்து சேமியா வைத்தோம், கெட்டியாகிப் போனது. அம்மி வைக்கிற மாதிரி வரவில்லை. இதை அவரிடம் சொல்ல வேண்டாம்.

நல்ல வேலை செய்திருக்கிறீர்கள். நிஜமாகச் சொல்கிறேன். மூன்றாவது தடவை அறுக்கத் துணிச்சல் வேண்டும், எங்கள் ஆய்வுக்கூடத்திலேயே பாதிப் பேர் இரண்டோடு நிறுத்திவிடுவார்கள். ஆனால் எனக்கு சில விஷயங்கள் இடிக்கின்றன. வெங்காயம் உரிக்கத் தெரியாத நீங்கள் இவ்வளவு நேர்த்தியாக எப்படி அறுத்தீர்கள்? மாவு எப்போதிலிருந்து பிசைகிறீர்கள்? பந்தயம் எனக்கும் அம்மிக்கும். அதில் உங்களுக்கு என்ன ஜெயிப்பு?

சரி, விடுகிறேன். தோல் காய்ந்து அட்டை மாதிரி ஆனதும், மணலும் பொடி ஜல்லியும் கலந்து ஒரு மண் சட்டியில் போட்டு அதன்மேல் செடியை உட்கார வையுங்கள். அடியில் ஓட்டை உள்ள சட்டியாக இருக்கட்டும். புதைக்க வேண்டாம். தண்ணீர் வேண்டவே வேண்டாம். அது சுருங்கும். வரிவரியாக வற்றும். பார்க்கவே கஷ்டமாக இருக்கும், அப்போதும் ஊற்றக் கூடாது. தாகம் எடுத்தால்தான் அது வேர் விடும். வேர் வந்ததும் எனக்கு எழுதுங்கள், அதற்குப் பிறகு சொல்கிறேன்.

நூரைன்


செங்கம் ரோடு
7-4-2026

நூரைன் கண்ணுக்கு,

நீ கேட்ட கேள்விகள் எல்லாம் நல்ல கேள்விகள். பதில் சொல்ல நேரமில்லை. வண்டி டியூபை இத்தனை வருஷமாக அறுத்தவனுக்குக் கள்ளி எந்த மூலை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

பௌர்ணமிக்குக் கிரிவலக் கூட்டம் இந்தத் தடவை ரொம்ப ஜாஸ்தி. வழக்கம்போல கடை வாசலில் தண்ணீர்ப் பானை வைத்தோம். என் கையால் மட்டும் ஒரு லட்சம் பேருக்குக் கொடுத்திருப்பேன். கம்மியாகத்தான் சொல்கிறேன். கீழ்பென்னாத்தூரிலிருந்து வேன் பிடித்து வந்த சரசு என்கிற அம்மா நாலு டம்ளர் குடித்துவிட்டு, உங்க கை நல்லா இருக்கணும்ங்க என்று சொல்லிவிட்டுப் போனார்.

வெளியில் அப்படி. உள்ளே, அலமாரியில், மணல்மேல் அது உட்கார்ந்திருக்கிறது, ஒரு சொட்டு இல்லாமல். நீ சொன்னபடியே சுருங்குகிறது. கிழவியின் கன்னம் மாதிரி மடிப்பு விழுந்துவிட்டது. வெயில் பல்லைக் காட்டுகிறது, சமையலறை ஓட்டுக்குக் கீழே நமக்கே உடம்பு எரிகிறது. வாசலில் போகிறவன் வருகிறவனுக்கெல்லாம் சொம்பு சொம்பாகக் கொடுத்துவிட்டு உள்ளே வந்து இதன் முகத்தில் முழிப்பது லேசான காரியமில்லை.

ஒரு நாள் மத்தியானம் டம்ளரில் தண்ணீர் மொண்டுவிட்டேன். அலமாரி வரைக்கும் போய்விட்டேன். அப்புறம் அங்கேயே நின்று அதை நானே குடித்தேன், மடக்மடக்கென்று. தாகம் எனக்கு இல்லை. கையில் இருந்தால் ஊற்றிவிடுவேன் என்று பயம். அன்றையிலிருந்து அந்த அலமாரிப் பக்கம் தண்ணீர்ப் பாத்திரமே வைப்பதில்லை. குடத்தைக் கூட ஹாலுக்கு மாற்றியாகிவிட்டது. குடிக்க வேண்டுமென்றால் நடந்து போகட்டும், எல்லாரும்.

எனக்கு இப்போது ஒரே முடிவு. அது கேட்கட்டும். கேட்டாலும் கொடுப்பதாக இல்லை. இவ்வளவு நாள், ஒன்றின்மேல் பாசம் வைப்பது என்றால் பக்கத்திலேயே உட்கார்ந்து ஊட்டிக்கொண்டிருப்பது என்று நினைத்திருந்தேன். இது வேறு மாதிரிப் பாடாக இருக்கிறது. பரவாயில்லை, பட்டுவிடலாம்.

வேர் இன்னும் இல்லை. நாளைக்கும் பார்ப்பேன்.

மாமு


ஜோத்பூர்
13-4-2026

மாமு,

நேற்று வினோதினி டீச்சர் போன் செய்தார். வேறு ஏதோ பேசிக்கொண்டிருந்தவர், பேச்சுவாக்கில் சொன்னார்: "உங்கம்மா நோன்புல விடிகாலைல ஜன்னல் செடிக்குத் தண்ணி ஊத்துவாங்க. மோட்டர் போட எறங்கறப்போ தெனமும் பாப்பேன். சாயந்தரமும் ஊத்துவாங்க." அவருக்கு நம் பந்தயம் தெரியாது. செடியை அன்பாகப் பார்த்துக்கொள்கிறார் என்று பாராட்டிச் சொன்னார்.

ஆக, ஊற்றியது அம்மி. தொடக்கூடாது என்று சொல்லியிருந்தேன். தண்ணீர் பட்டால் அது செத்துப்போகும் என்று நீங்கள் இருவரும் இருக்கும்போதுதான் சொன்னேன். பந்தயத்தில் ஜெயிக்க வேண்டும் என்பதற்காக ஆறு வருஷச் செடியைத் தினம் இரண்டு வேளை கொன்றிருக்கிறார். நோன்பு வைத்துக்கொண்டு. நீங்கள் அதை உங்கள் தலையில் போட்டுக்கொண்டு எனக்குக் கதை எழுதியிருக்கிறீர்கள்.

இருபத்தெட்டாம் தேதி கையெழுத்துப் போடுகிறேன். அம்மியின் வார்த்தை எனக்கு இனி வேண்டாம். பக்ரீதுக்கு வரமாட்டேன். அடுத்த வருஷமும் வருவேனா என்று தெரியாது. செடியை என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள்.

இதை அம்மியிடம் படித்துக் காட்டுங்கள். கூட்டாமல், குறைக்காமல்.

நூரைன்


செங்கம் ரோடு
19-4-2026

நூரைன்,

படித்துக் காட்டினேன். கூட்டவில்லை. குறைக்கவும் இல்லை, அது எனக்கு எவ்வளவு சிரமம் என்று உனக்கே தெரியும். உன் அம்மி கேட்டுவிட்டு எழுந்து போய் அடுப்பைத் துடைத்தார். துடைத்த அடுப்பையே மறுபடியும் துடைத்தார்.

டீச்சர் பார்த்தது உண்மை. டீச்சர் பார்க்காததை நான் சொல்கிறேன்.

சஹருக்கு என்னை எழுப்ப உன் அம்மி மூன்று தடவையாவது வருவார். மார்ச் மாசம் ஒரு நாள் வந்தவர் எழுப்பவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். நானே முழித்துப் பார்த்தேன். விரல் நுனியை என்னிடம் நீட்டினார், பழுப்பாக ஈரம். "மஸ்தான், நான் கொன்னுட்டேன்டா" என்றார். அவள் தண்ணீர் காட்டாதே என்று சொன்னாளே ஆபா, ஏன் ஊற்றினீங்க என்று கேட்டேன். மழைக்காலத்துக்குத்தான் அது என்று நினைத்தாராம். வெயில் வந்துவிட்டது, நோன்பும் வந்துவிட்டது. உலகத்தில் இருக்கிற எல்லாரும் நோன்பு திறக்கும்போது வீட்டுக்குள்ளே ஒன்று வாயைத் திறக்காமல் நிற்கிறதே என்று பொறுக்கவில்லையாம். "அவ அங்க யார் கையால தண்ணி வாங்கிக் குடிச்சு நோன்பு தொறக்கறாளோ, இதுக்காவது நான் குடுக்கறேன்னு நெனைச்சேன்." இதை நான் ஜோடிக்கவில்லை. ஜோடிக்க எனக்குத் தெரிந்திருந்தால் இதைவிட நீளமாக ஜோடித்திருப்பேன்.

அப்புறம் கேட்டார்: "பந்தயத்துக்காக வேணும்னே பண்ணேன்னு நெனைப்பாளா?" நினைப்பாள் என்றேன். உன்னை எனக்குத் தெரியும், நினைத்துவிட்டாய். அப்போது நான்தான் சொன்னேன், "நான் ஊத்தினதா எழுதிடறேன் ஆபா. என் கணக்குல ஒரு பொய் ஜாஸ்தியானா யாருக்கும் தெரியாது." அவர் வேண்டாம் என்றுதான் சொன்னார். நான் கேட்கவில்லை. அந்தப் பொய்க்கு என்னைக் கேள், அவரைக் கேட்காதே.

ஜெயிக்க நினைக்கிறவர் அழுகினதைக் குப்பையில் போட்டுவிட்டு, சம்பந்தம் பார்க்கக் கிளம்பியிருப்பார். ஆம்பூரிலிருந்து ஒரு சம்பந்தம் வந்து நின்றுகொண்டுதான் இருக்கிறது. உன் அம்மி அவர்களுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. செடி என்ன ஆகிறது என்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றாராம். அவர்களுக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை.

நேற்றுக் காலையில் செடியைத் தூக்கிப் பார்த்தபோது அடியில் வெள்ளையாக நூல் மாதிரி ஒன்று தொங்கியது. நான் சிலந்தி வலை என்றேன். உன் அம்மி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். பக்கத்தில் இன்னும் இரண்டு இருந்தன. வேர்தான். உடனே தண்ணீர் ஊற்றலாமா என்று நான் சொம்பை எடுத்தேன். கையைப் பிடித்துக்கொண்டார். "அவ எழுதட்டும். அவ சொல்ற வரைக்கும் ஒரு சொட்டு ஊத்தக்கூடாது." அந்த உள்ளங்கையில் முள் குத்தின தழும்பு இன்னும் கறுப்புப் புள்ளியாகத் தெரிகிறது.

கையெழுத்துப் போடும் விஷயத்தை என்ன எழுதட்டும் என்று கேட்டேன். செடியை மறுபடியும் மணல்மேல் உட்காரவைத்தார். அப்புறம் சொன்னார்: "போடச் சொல்லு. துவாவ நான் நோன்புலயே செஞ்சு முடிச்சுட்டேன். அவகிட்ட சொல்லத்தான் வாய் வரல."

எப்போது தண்ணீர், எவ்வளவு, என்று எழுது. எனக்கு எழுதாதே. முன்னி பேகம் என்று கவரில் பெயர் போட்டு அவருக்கே எழுது. பக்ரீதுக்கு வருவதும் வராததும் உன் இஷ்டம்.

மற்றபடி செடியைப் பற்றி நான் எழுதினதில் பொய் ஒன்றே ஒன்றுதான், அதை ஒத்துக்கொள்கிறேன். சொம்பைத் தூக்கினது, கத்தியைச் சிவக்கக் காட்டினது, ஒதுச் செய்துவிட்டு வந்து மூன்றாவது துண்டு அறுத்தது, மொண்ட தண்ணீரைத் தானே குடித்தது, எல்லாம் நடந்தது. ஆள்தான் நான் இல்லை. நான் என்று எழுதியிருக்கிற இடத்தில் எல்லாம் உன் அம்மி என்று போட்டு, ஒரு தடவை முதலிலிருந்து படித்துப் பார்.

மஸ்தான்